பாலைவன யூக்காவுக்கு எத்தனை வாளித் தண்ணீர்?



கல்லூரியில் திரவங்களின் பண்புகளைப் பற்றிப் பாடம் தொடங்கும்போது நான் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "பாலைவனச் செடி ஒன்றை ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்தில் கொண்டுவந்து நட்டார். நாள் தவறாமல் கவனித்தார். ஆறு மாதத்தில் அது வாடிச் செத்துவிட்டது. காரணம் என்ன?" வகுப்பில் பெரும்பாலோர் "தண்ணீர் போதவில்லை" என்பார்கள். சிலர் "வெயில் அதிகம்" என்பார்கள். "செடி மூச்சு முட்டிச் செத்தது" என்று நான் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள்.

ஆனால் உண்மை அதுதான். தோட்டத்தில் வைக்கப்படும் பாலைவனச் செடிகள் தாகத்தால் சாவதைவிடத் தண்ணீர் மிகுதியால் சாவதே அதிகம். இது எப்படி நேர்கிறது என்பதை அமெரிக்கப் பாலைவனத்துச் செடி ஒன்றைக் கொண்டு விளங்கிக்கொள்வோம்.

சோப்பு மரம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கிலும் மெக்சிகோவின் வடக்கிலும் பரந்து கிடப்பது சிவாவாப் பாலைவனம். நியூ மெக்சிகோ மாநிலத்தின் தென்பகுதி, டெக்சாஸின் மேற்குக் கோடி, அரிசோனாவின் தென்கிழக்கு மூலை ஆகியவை இதைச் சேர்ந்தவை. இங்கே இயற்கையாக வளரும் செடிதான் யூக்கா எலாட்டா. உயரமான தண்டின் உச்சியில், குறுகலான நீண்ட இலைகள் பந்துபோல் எல்லாப் பக்கமும் விரிந்து நிற்கும். இலையின் நுனி ஊசிபோல் கூர்மையானது. இலை ஓரங்களில் வெள்ளை நூல்கள் பிரிந்து தொங்கும். கோடையின் தொடக்கத்தில் நெடிய பூந்தண்டு ஒன்று எழும்பி, மணி வடிவ வெண்பூக்களைச் சுமந்து நிற்கும். 1927-ல் நியூ மெக்சிகோ மாநிலம் யூக்கா மலரைத் தன் மாநில மலராக ஏற்றது.

நம் ஊர்களில் இரயில் பாதை ஓரமாக நிற்கும் ஆனைக் கற்றாழையைப் பார்த்திருப்பீர்கள். அதன் பூர்வீகமும் மெக்சிகோதான். கற்றாழை என்று நாம் அதை அழைத்தாலும் அது சோற்றுக் கற்றாழையின் வகை அன்று. யூக்காவின் நெருங்கிய உறவு. யூக்கா என்ற பெயருக்கும் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. கரீபியன் தீவு மக்கள் 'யூக்கா' என்று சொன்னது நமக்குத் தெரிந்த மரவள்ளிக் கிழங்கை. ஐரோப்பியத் தாவர அறிஞர்கள் அந்தப் பெயரைத் தவறுதலாக இந்தச் செடிக்குச் சூட்டிவிட்டனர். பிறகு அது மாறவில்லை.

யூக்கா எலாட்டாவை அந்நாட்டு மக்கள் 'சோப்பு மரம்' என்பர். அதன் வேரை நசுக்கித் தண்ணீரில் கலக்கினால் நுரை பொங்கும். நவஹோ, அப்பாச்சி முதலிய பழங்குடி மக்கள் யூக்கா வேர்களைக் கொண்டு தலைமுடி அலசி வந்தனர். நுரைக்குக் காரணம் சப்போனின் என்னும் பொருள். நம் பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் இருப்பதும் இதுவே. சப்போனின் கலந்தால் நீரின் பரப்பு இழுவிசை குறையும். பரப்பு இழுவிசை என்ற இச்சொல்லை நினைவில் வையுங்கள். சற்று நேரத்தில் நமக்குத் தேவைப்படும்.

ஒரு சிறு கணக்கு

சோப்பு மரம் வளரும் பகுதிகளில் ஆண்டுக்குச் சுமார் 250 மி.மீ. மழை பெய்கிறது. அதிலும் பாதிக்குமேல் ஜூலை முதல் செப்டம்பர் வரையுள்ள கோடை மாதங்களில் இடியுடன் கொட்டித் தீர்ந்துவிடும். ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மி.மீ. மழை பெய்தால் விழும் நீர் சரியாக 1 லிட்டர். ஆகவே ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது 250 லிட்டர்.

இப்போது தோட்டக்காரரைப் பாருங்கள். செடியைச் சுற்றி ஒரு சதுர மீட்டர் பாத்தி கட்டுகிறார். நாள்தோறும் ஒரே ஒரு வாளி, அதாவது 15 லிட்டர், ஊற்றுகிறார். அதிகம் ஊற்றுவதாக அவர் நினைக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கு 15 × 365 = 5,475 லிட்டர் ஆகிறது. மழைக்கணக்கில் இது 5,475 மி.மீ. உலகிலேயே மழை மிகுந்த இடங்களுள் ஒன்றான சிரபுஞ்சியின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி! பாலைவனத்தில் பிறந்த செடியை அவர் தம்மை அறியாமல் மேகாலயத்துக்குக் குடிபெயர்த்துவிட்டார்.

சரி, தண்ணீர் அதிகமானால் செடிக்கு என்ன கெடுதல்? நெற்பயிர் தண்ணீரிலேயே நிற்கிறதே?

வேர் எப்படி மூச்சு விடுகிறது?

இலை பகலில் கரியமில வாயுவை ஏற்று ஆக்சிஜனை வெளியிடுகிறது என்று படித்திருக்கிறீர்கள். ஆனால் வேர் ஒளி படாத இடத்தில் இருக்கிறது. அது உணவு தயாரிப்பதில்லை. இலையிலிருந்து வரும் சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து ஆற்றல் பெறுகிறது. நம்மைப் போலவே வேரும் இரவு பகலாகச் சுவாசிக்கிறது. நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் காற்று செல்லும் குழல்போன்ற இடைவெளிகள் உள்ளன. இலையிலிருந்து ஆக்சிஜன் அவற்றின் வழியே வேருக்கு இறங்கும். யூக்காவுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. அதன் வேர் மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றையே நம்பியிருக்கிறது.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? தரைக்கு மேலுள்ள வளிமண்டலத்திலிருந்து விரவல் மூலம் வருகிறது. அறையின் ஒரு மூலையில் ஊதுவத்தி ஏற்றினால் மறு மூலையில் மணம் வருவதற்கு விரவலும் ஒரு காரணம் அல்லவா? மண்ணின் துளைகளில் காற்று இருந்தால் ஆக்சிஜன் மேலிருந்து கீழே தடையின்றி விரவும். துளைகளில் தண்ணீர் நிரம்பிவிட்டால் நிலைமை தலைகீழாகிறது.

நீருக்குள் ஆக்சிஜன் விரவும் வேகம், காற்றில் விரவும் வேகத்தில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அது மட்டுமன்று. 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பதோ 8 மில்லிகிராம் மட்டுமே. ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். நீர் நிரம்பிய மண்ணில் வேருக்கு வந்து சேரும் ஆக்சிஜன் சில இலட்சம் மடங்கு குறைந்துவிடுகிறது.

வேரின் நுனிகள் முதலில் சாகின்றன. அழுகல் நோய்க் கிருமிகள் அவற்றில் புகுந்து தண்டை நோக்கி ஏறுகின்றன. செத்த வேரால் நீரை உறிஞ்ச முடியாது. எனவே, சுற்றிலும் தண்ணீர் இருந்தும் இலைகள் வாடுகின்றன. இங்கேதான் பெரிய விபரீதம் நிகழ்கிறது. வாடிய இலையைப் பார்த்த தோட்டக்காரர், "ஐயோ, தாகம்!" என்று எண்ணி இன்னும் ஒரு வாளி ஊற்றுகிறார். தாகத்தால் வாடும் செடியும் மூழ்கி வாடும் செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மண்ணைத் தோண்டிக் கையால் தொட்டுப் பார்த்தவருக்குத்தான் வேறுபாடு தெரியும்.

நுண்துளைகளின் பிடி

"அடியில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வடிந்துவிடுமே?" என்று கேட்பீர்கள். எல்லாத் தண்ணீரும் வடிவதில்லை. காரணம், நாம் முன்பு குறிப்பிட்ட பரப்பு இழுவிசை.

மிக நுண்ணிய துளையுள்ள கண்ணாடிக் குழாயை நீரில் நிறுத்தினால் நீர் தானாகவே மேலேறி நிற்பதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும். துளையின் ஆரம் 1 மி.மீ. ஆனால் நீர் சுமார் 1.5 செ.மீ. ஏறும். ஆரம் 0.1 மி.மீ. ஆனால் 15 செ.மீ. ஆரம் 0.01 மி.மீ. ஆனால் ஒன்றரை மீட்டர்! மண் துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளும் இத்தகைய நுண்குழாய்களே. சரளையின் சந்துகள் பெரியவை. அவை நீரை விட்டுவிடும். களிமண்ணின் சந்துகள் மிக நுண்ணியவை, அவை விடமாட்டா.

இப்போது 30 செ.மீ. ஆழமுள்ள ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் நிரப்பிய மண்ணின் துளைகள் எல்லாம் 0.1 மி.மீ. ஆரமுள்ளவை என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் ஊற்றி, அடி ஓட்டை வழியே வடியவிட்டால், கீழேயுள்ள 15 செ.மீ. மண் நீர் நிரம்பியே நிற்கும். மேலேயுள்ள 15 செ.மீ. மண்ணில்தான் காற்று புகும்.

வடிகாலுக்காக அடியில் 10 செ.மீ. உயரத்துக்குக் கூழாங்கல் போடுவது பலருடைய வழக்கம். அதனால் பயன் என்ன? கூழாங்கற்களின் சந்துகள் பெரியவையாதலால் மேலேயுள்ள நுண்துளைகளிலிருந்து நீரை அவற்றால் இழுக்க முடியாது. நீர் நிரம்பிய 15 செ.மீ. அடுக்கு, கூழாங்கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். மண்ணின் மொத்த உயரமே 20 செ.மீ. ஆகிவிட்டதால், காற்றுள்ள பகுதி வெறும் 5 செ.மீ.! நல்லது செய்வதாக நினைத்து வேரின் மூச்சை மேலும் அடைத்துவிட்டோம். கல்லை அடியில் தனியாகப் போடக்கூடாது. பருமணலையும் சிறு சரளையையும் மண் முழுவதும் கலக்க வேண்டும்.

தரையில் நடும் முறை

நியூ மெக்சிகோவில் அனுபவமுள்ளவர்கள் யூக்காவை நடும் முறையை இப்போது பாருங்கள். ஒவ்வொரு படியிலும் மேற்சொன்ன இயற்பியல் ஒளிந்திருக்கிறது.

முதலில் இடத்தைச் சோதிக்க வேண்டும். 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி நீர் நிரப்பி வடியவிடுவர். மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பர். மணிக்கு 2.5 செ.மீ.கூட இறங்காவிட்டால் அந்த இடம் உதவாது. அப்பகுதி மண்ணுக்கு அடியில் பல இடங்களில் 'கலீச்சி' என்னும் கெட்டியான சுண்ணாம்புப் படிவம் இருக்கும். நம் ஊரில் கிணறு வெட்டுவோர் சுக்கான் பாறை என்பார்களே, அதைப் போன்றது. அது நீரைக் கீழே விடாது. கடப்பாரையால் அதை உடைத்து ஊடுருவ வேண்டும். முடியாவிட்டால் தரைக்கு மேலே மேடு கட்டி நட வேண்டும். மேடு கட்டினால் செடியின் கழுத்துக்கும் நீர் தேங்கும் மட்டத்துக்கும் இடையே உயரம் கூடுகிறது அல்லவா?

குழி, செடியின் வேர்க்கட்டி எவ்வளவு ஆழமோ அவ்வளவே ஆழமாக, ஆனால் அகலத்தில் இரண்டு மூன்று மடங்காக இருக்க வேண்டும். தோண்டிய மண்ணையே திரும்ப நிரப்ப வேண்டும். குழியில் மட்டும் மக்கிய எருவும் செம்மண்ணும் கொட்டினால், அது சுற்றிலுமுள்ள கரட்டு நிலத்தின் நடுவே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு கிண்ணம்போல் ஆகிவிடும். செடியின் கழுத்து மண்ணுக்குள் புதையக்கூடாது. சுற்றிலும் சரளை பரப்பலாம். தழை மூடாக்குத் தேவையில்லை.

மண் வெதுவெதுப்பாக இருக்கும் வசந்தத்திலும் கோடையிலும்தான் புது வேர்கள் விரைந்து ஓடும். எனவே அப்போதுதான் நட வேண்டும். முதல் கோடையில் மட்டும் பத்து, பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை ஆழமாக நனைப்பர்; இடையே மண் நன்றாகக் காயவேண்டும். தினம் கொஞ்சம் தெளித்தால் மேல்மண்ணே நனையும். வேரும் மேலேயே நின்றுவிடும். ஆழமாக நனைத்துக் காயவிட்டால் ஈரத்தைத் தேடி வேர் கீழே போகும். குளிர்காலத்தில் தண்ணீரே வேண்டாம். வேரூன்றிய பிறகு, மழை அடியோடு பொய்த்த காலம் தவிர, வானம் கொடுப்பதே போதும். நன்கு வேரூன்றிய சோப்பு மரம், உறைநிலைக்குக் கீழே 15 டிகிரி வரை செல்லும் பாலைவனக் குளிரையும் தாங்கும். ஈரமும் குளிரும் சேர்ந்தால்தான் ஆபத்து.

காட்டில் வளர்ந்த யூக்காவைத் தோண்டிக்கொண்டு வரலாமா? கூடாது. ஆழ வேர் அறுந்த செடி பெரும்பாலும் பிழைப்பதில்லை. அரிசோனாவில் அனுமதியின்றி அதைத் தோண்டுவது சட்டப்படி குற்றமும் ஆகும். விதையிலிருந்து வளர்ப்பதே நல்லது. தட்டையான கறுப்பு விதைகள் வெப்பமான மணற்கலவையில் சில வாரங்களில் முளைக்கும். பிறகு பொறுமை வேண்டும். தண்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே உயரும். முதல் பூவைக் காணப் பல ஆண்டுகள் ஆகும்.

அவசியம் வந்தால் இதே செடி விரைந்து வளர்வதும் உண்டு. நியூ மெக்சிகோவில் 'ஒயிட் சாண்ட்ஸ்' என்னும் இடத்தில் தூய ஜிப்சத்தாலான வெண்மணல் மேடுகள் காற்றில் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. 2019-ல் இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நகரும் மணல் சோப்பு மரத்தைப் புதைக்க வரும்போது, செடி தன் தண்டை நீட்டி நீட்டி இலைகளை மணலுக்கு மேலேயே வைத்துக்கொள்கிறது. மணல்மேடு கடந்து போனபின், தாங்குவதற்கு ஏதுமின்றி அந்த நெடுந்தண்டு சாய்ந்து விழுகிறது.

இலை ஏன் ஒல்லியாக இருக்கிறது?

வெயிலில் நிற்கும் எந்தப் பொருளின்மேலும் அசையாத காற்றுப் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். இலை அகலமானால் படலமும் தடித்துவிடும். உள்ளேயுள்ள வெப்பம் எளிதில் வெளியேறாது. வாழை இலைபோல் அகன்ற இலை, நீரை ஆவியாக்கித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும். யூக்காவின் குறுகிய இலையில் படலம் மெல்லியது. காற்று பட்டவுடன் வெப்பம் அகன்றுவிடும். அதற்காக நீரைச் செலவிட வேண்டியதில்லை. ஆகவே யூக்காவை முழு வெயிலில் வைக்கத் தயங்க வேண்டாம்.

காய்ந்த இலைகள் உதிராமல் தண்டைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கும். அழகுக்காக அதை வெட்டிவிடுவோர் உண்டு. அந்த இலைகளுக்கிடையே அடைபட்ட காற்று, கம்பளியைப் போலத் தண்டை வெயிலிலிருந்தும் பனியிலிருந்தும் காக்கிறது. ஆனால் அது எளிதில் தீப்பற்றும். ஆதலால் செடியை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இலை நுனி கண்ணைக் குத்தாதபடி நடைபாதையிலிருந்தும் விலக்கி வைக்க வேண்டும்.

சொந்த மண்ணில் வளர்வதன் பயன்

யூக்காவின் பூ காயாக வேண்டுமானால் ஒரு சிறிய அந்துப்பூச்சியின் தயவு வேண்டும். மிசௌரி மாநிலத்தின் பூச்சியியல் அறிஞராக இருந்த சார்லஸ் வாலண்டைன் ரைலி, 1872-ல் யூக்கா இனம் ஒன்றில் இதைக் கண்டறிந்து விளக்கினார். 1874-ல் தம் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் இதைப் பெரிதும் வியந்திருக்கிறார். பெண் பூச்சி இரவில் மகரந்தத்தைத் திரட்டி, உருண்டையாக்கி, தலைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு வேறொரு பூவுக்குப் பறக்கும். சூலகத்தைத் துளைத்து முட்டையிடும். பிறகு சூல்முடிக்கு ஏறி மகரந்தத்தை அதில் திணிக்கும். புழுக்கள் விதைகளில் ஒரு பகுதியைத் தின்னும், மீதி செடிக்கு. பூச்சி இல்லையேல் சோப்பு மரத்துக்கு விதை இல்லை. விதை இல்லையேல் பூச்சிக் குஞ்சுக்கு உணவில்லை.

வளர்ந்த புழு கீழே இறங்கி, செடியடி மண்ணில் கூடு கட்டி உறங்கும். ஆகவே பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து அடிக்கக்கூடாது. செடியைச் சுற்றிக் கொத்தவும் கூடாது. தன் சொந்த நிலத்தில் நட்ட யூக்காவைத் தேடிப் பூச்சி தானே வரும். கடல் கடந்து கொண்டுபோன சோப்பு மரம் பூக்கலாம், காய்க்காது.

அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதியில் குழாய்க் குடிநீரில் கணிசமான பங்கு புல்தரைக்கே போய்விடுகிறது. எனவே 1981-ல் டென்வர் நகர நீர்வாரியம், அந்தந்த நிலத்துக்குரிய செடிகளைக் கொண்டு வறண்ட தோட்டம் அமைக்கும் முறையைப் பரப்பத் தொடங்கியது. லாஸ் வேகாஸ் பகுதியில் புல்தரையை அகற்றுவோருக்கு நீர்வாரியம் பணமே கொடுக்கிறது. நம் கணக்கில் வந்த தோட்டக்காரர் தம் வாளியைக் கீழே வைத்தால், அவருடைய செடியும் பிழைக்கும். ஆண்டுக்கு ஐயாயிரம் லிட்டர் தண்ணீரும் மிஞ்சும்.

செய்து பாருங்கள்

பாத்திரம் தேய்க்கும் செவ்வக வடிவப் பஞ்சு ஒன்றை நீரில் முழுக நனையுங்கள். பிழியாமல், படுத்த நிலையில் இரு கைகளாலும் தாங்கிப் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு அதை அப்படியே செங்குத்தாக நிமிர்த்துங்கள். நின்றுபோன நீர் மறுபடி கொட்டத் தொடங்கும்! பஞ்சும் மாறவில்லை, துளையும் மாறவில்லை. மாறியது என்ன? தட்டையான அகலத் தொட்டி, ஒடுங்கிய உயரத் தொட்டி இவற்றுள் எதில் யூக்கா நாற்றை வளர்ப்பீர்கள்? காரணத்தோடு உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு, வீட்டுத் தொட்டியில் கள்ளியோ கற்றாழையோ இருந்தால், அடுத்த முறை தண்ணீர் ஊற்றுவதற்கு முன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள்.